நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஒரு நூற்றாண்டுத் தேடலின் கதை

உலகத்தில் எங்கேயாவது பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தால், இரண்டு நாளுக்குள் எங்கட வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு குரல் பதிவு வந்து சேரும். "அடுத்தது இலங்கைதானாம், வாற கிழமையாம், நாசாவே சொல்லிட்டுதாம்" எண்டு ஒருவர் மூச்சு வாங்கச் சொல்லுவார். அதை அம்மா பெரியம்மாவுக்கு அனுப்புவா, பெரியம்மா கனடாவுக்கு அனுப்புவா. கரையோரத்தில் இருக்கிற சொந்தக்காரர் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டினம்.

நாங்களும் இதைச் சிரித்துக்கொண்டே கடந்து போயிருக்கிறோம். ஆனால் 2004 டிசம்பர் 26 ஐக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. யாராவது முதலே சொல்லியிருந்தால் எங்கட ஆட்கள் தப்பியிருப்பார்களே என்ற ஆதங்கம்தான் அந்தப் பதிவை இவ்வளவு வேகமாக ஓட வைக்கிறது. எங்களில் பலர் அன்றைக்குக் கைக்குழந்தைகள்; சிலர் பிறக்கவே இல்லை. எங்களுக்கு அது கேட்டு வளர்ந்த கதை. அதனால்தான் அந்தக் கேள்வியை ஒருதரம் ஒழுங்காகக் கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தோம்: நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நாள், இடம், அளவு மூன்றையும் நம்பும்படி சேர்த்துச் சொல்லும் வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்தினால் கதையின் பாதிதான் தெரியும்.

பூமிக்குள் பார்த்தவர்கள்

மனிதர் பூமிக்குள் போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. சோவியத் காலத்தில் வருடக்கணக்காகத் துளைத்தும் 12 கிலோமீற்றரைக் கொஞ்சம்தான் தாண்ட முடிந்தது. பூமியின் மையமோ ஏறக்குறைய 6,371 கிலோமீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அப்ப, பாடசாலையில் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டினது மாதிரி நாங்கள் வரைந்த அந்தப் படத்தை, வெளியில் ஓடு, நடுவில் தடித்த மூடி, உள்ளே அகணி என்று, யார் போய்ப் பார்த்து வந்தது?

யாரும் போகவில்லை. நிலநடுக்கங்கள்தான் சொல்லின.

1889 ஏப்ரல் மாதம், ஜேர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் மிக நுண்ணிய ஊசல் கருவி ஒன்று காரணமில்லாமல் ஆடியது. வேறு ஆய்வுக்காக வைத்திருந்த கருவி அது. பிறகு பார்த்தால் அன்றைக்கு யப்பானில் நிலம் நடுங்கியிருந்தது. உலகத்தின் ஒரு மூலையில் நடக்கிற நடுக்கத்தை இன்னொரு மூலையில் இருந்து பதியலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த படி எங்கட பிராந்தியத்தில் இருந்து வந்தது. 1897 இல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், இந்தியப் புவியியல் அளவைத் துறையில் வேலை செய்தவர். நிலநடுக்க அலைகள் ஒரே வகை அல்ல என்பதை அவர் பதிவுகளில் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது ஒலி அலை மாதிரித் தள்ளித் தள்ளிப் போவது. அது திரவத்துக்குள்ளாலும் போகும். அதன் பின்னால் வருவது குலுக்கிக்கொண்டு போவது. திரவத்துக்குள் அதனால் போகமுடியாது. 1906 இல், பூமியின் மறுபக்கத்துக்கு அலைகள் வந்துசேரும் நேரத்தைப் பார்த்து, நடுவில் வேறு தன்மையுள்ள அகணி ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னார். 1909 இல் சாக்ரெப் நகரத்தின் அந்திரியா மொஹொரோவிசிச், தன் ஊருக்குப் பக்கத்தில் நடந்த நடுக்கத்தின் பதிவுகளை வைத்து மேலோடு முடிகிற எல்லையைக் கண்டார். பிறகு அகணி திரவம் என்பதும் தெரியவந்தது.

இந்த வரிசையில் எங்களுக்கு மிகவும் பிடித்தவர் டென்மார்க்கின் இங்கே லேமன். பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்திய பாடசாலையில் படித்தவர். 1929 இல் நியூசிலாந்தில் நடந்த நடுக்கத்தின் அலைகள், வந்திருக்கக் கூடாத இடங்களிலும் பதிவாகியிருந்தன. கணினி இல்லாத காலம். ஓட்ஸ் வந்த காட்போட் பெட்டிகளில் குறிப்பு அட்டைகளை அடுக்கி வைத்துக் கணக்குப் பார்த்தார் என்று அவருடைய உறவினர் ஒருவர் பிறகு எழுதியிருக்கிறார். திரவ அகணிக்கு நடுவில் இன்னொரு உள் அகணி இருக்கிறது என்று 1936 இல் அவர் அறிவித்தார். 104 வயது வரை வாழ்ந்தார்.

5,000 கிலோமீற்றருக்கும் கீழே இருப்பதைக் காகித அட்டைகளை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடிந்தது. அப்ப, காலடியில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கிற பாறை எப்ப உடையும் என்பதையும் சொல்லிவிடலாம் என்று ஒரு தலைமுறை நம்பியதில் ஆச்சரியமில்லை.

நம்பிக்கை எழுந்ததும் விழுந்ததும்

அந்த நம்பிக்கைக்கு ஒரு கோட்பாடும் இருந்தது. 1906 இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் நடுக்கத்தாலும் தீயாலும் அழிந்தபோது, சான் அன்றியாஸ் பிளவின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நகர்ந்திருந்தன. நேராகப் போட்ட வேலிகள் மீற்றர்க்கணக்கில் விலகி நின்றன. இதை ஆராய்ந்த ஹரி பீல்டிங் ரீட், பாறை இறப்பர் மாதிரி மெல்ல மெல்ல இழுபட்டு, தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று விடுபடுகிறது என்று விளக்கினார். இழுபடும் வேகம் தெரிந்தால் விடுபடும் நாளையும் கணிக்கலாம்தானே?

1975 பெப்ரவரி 4. வடகிழக்குச் சீனாவின் ஹைச்செங் பகுதி. குளிர்காலத்தில் பாம்புகள் வெளியே வந்தன, கிணற்று நீர் மாறியது என்று சனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, சில நாட்களாகச் சிறு நடுக்கங்கள் வந்து, கூடிக்கொண்டே போயின. பல இடங்களில் அதிகாரிகள் சனங்களை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அன்று மாலை 7.3 அளவு நிலநடுக்கம் வந்தது. கட்டடங்கள் நிறைய விழுந்தன. இரண்டாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். ஆனால் எல்லோரும் உள்ளே இருந்திருந்தால் அது பல மடங்காகியிருக்கும். மனிதர் முதன்முறையாக நிலநடுக்கத்தை முந்திவிட்டார்கள் என்று உலகமே பேசியது.

பதினெட்டு மாதம் கூட முழுதாகப் போகவில்லை. 1976 ஜூலை 28 அதிகாலை 3.42 க்கு, அதே சீனாவில், தாங்ஷான் என்ற தொழில் நகரம் நித்திரையில் இருந்தபோது நிலம் பிளந்தது. ஹைச்செங்கில் வந்தது மாதிரியான முன் நடுக்கங்கள் வரவில்லை. அதிகாரபூர்வக் கணக்கின்படியே 2,40,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஹைச்செங்கைக் காப்பாற்றிய அறிகுறியில் ஒரு சிக்கல் இருந்தது. சிறு நடுக்கங்கள் அடுத்தடுத்து வருவது உலகத்தில் அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் அவை ஒன்றுமில்லாமல் அடங்கிப்போகும். பெரியது வந்த பிறகுதான் முன்னால் வந்தவை 'முன் நடுக்கங்கள்' என்று தெரியும். கலியாணம் முடிந்த பிறகு பொருத்தம் பார்க்கிற கதைதான்.

அமெரிக்கர் வேறு வழியில் முயன்றார்கள். கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்று ஒரு சின்னக் கிராமம், சான் அன்றியாஸ் பிளவின் மேலேயே இருக்கிறது. 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய 22 வருடத்துக்கு ஒருமுறை 6 அளவில் அங்கே நடுங்கியிருக்கிறது. அதனால் 1993 க்குள் அடுத்தது வரும், வாய்ப்பு 95 சதவீதம் என்று 1985 இல் அறிவித்தார்கள். நிலத்தைச் சுற்றிக் கருவிகளை நட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 1993 போனது. 2000 போனது. கடைசியில் 2004 செப்டெம்பர் 28 அன்று வந்தது. இடம் சரி, அளவும் சரி. காலம் மட்டும் பதினொரு வருடம் பிந்தியது. அதைவிடப் பெரிய ஏமாற்றம், அத்தனை கருவிகள் இருந்தும் நம்பத்தக்க முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை. நில ஆழத்தில் பாறை எவ்வளவு இறுகியிருக்கிறது, உராய்வு எங்கே தளர்கிறது என்பதை நேரில் அளக்க முடியாது. சின்ன நடுக்கமும் பெரிய நடுக்கமும் தொடங்கும்போது ஒரே மாதிரியாகவே தெரிகின்றன. எது ஓரிடத்தில் நிற்கும், எது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடும் என்பதை முதலே சொல்ல வழி கிடைக்கவில்லை.

பார்க்ஃபீல்ட் நடுங்கி மூன்று மாதத்தில் எங்கட கடல் வந்தது.

இரண்டு மணித்தியாலம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58 க்கு சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடித் தரை உடையத் தொடங்கியது. இந்தியத் தகடு பர்மாத் தகட்டுக்குக் கீழே அமிழ்ந்துபோகும் எல்லை அது. ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நீளத்துக்கு, சில நிமிடங்களாக உடைந்துகொண்டே போனது. அளவு 9.1.

அதிர்வு அலைகள் நிலத்துக்குள்ளால் நான்கு நிமிடம் போல இலங்கைக்கு வந்துவிட்டன. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் உலக வலையமைப்பைச் சேர்ந்த பதிவுக் கருவி இருந்தது. ஆனால் அப்படியொரு பதிவைப் பார்த்து உடனே கரைக்குச் சொல்லும் ஏற்பாடு நாட்டில் இருக்கவில்லை. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடத்தில் அறிவித்தல் விட்டது. ஆனால் முதல் கணிப்பில் அளவை 8.0 என்றே போட்டது, பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்று சொன்னது. இந்து சமுத்திரத்துக்கென்று ஒரு எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை.

கடல் அலை விமானத்தின் வேகத்தில் வரும். ஆனாலும் அது அதிர்வு அலையை விடப் பல மடங்கு மெது. கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கிழக்கை அடித்து, தெற்கைச் சுற்றி, மேற்குப் பக்கம் போக இன்னும் கொஞ்ச நேரம். காலை 9.30 போல, காலிக்கு முன்னால் பெரலியவில் கொழும்பில் இருந்து வந்த ரயில் நின்றது. முதல் அலைக்குப் பிறகு பாதுகாப்பு என்று நம்பி ஊர்ச்சனமும் பெட்டிகளுக்குள் ஏறியது. அடுத்த பெரிய அலை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கல்முனையும் முல்லைத்தீவும் ஏற்கனவே அழிந்துபோயிருந்த நேரம் அது. ஒரே தீவுக்குள்ளேயே ஒரு கரையின் செய்தி மற்றக் கரையைப் போய்ச் சேரவில்லை. நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

இதை நாங்கள் திரும்பத் திரும்ப யோசிக்கிறோம். அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது நிலநடுக்க முன்னறிவிப்பு அல்ல. நிலநடுக்கம் வந்து முடிந்துவிட்டது. பூமியே செய்தியை அனுப்பிவிட்டது. வாங்கிக் கொடுக்கத்தான் ஆள் இருக்கவில்லை.

அதே நாளில், உடைந்த இடத்துக்கு மிக அருகில், சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. அலை வர அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் அளவுதான். 78,000 அளவான சனத்தில் இறந்தவர்கள் 7 பேர். அங்கே 1907 இல் ஒரு பேரலை பலரைக் கொன்றிருந்தது. அதற்கு 'ஸ்மொங்' என்று பெயர் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் சேர்த்து, நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். சைரனும் இல்லை, கருவியும் இல்லை. பாட்டிமார் சொன்னது இருந்தது.

எங்களுக்கும் ஒரு பழைய அலை இருந்தது. 1883 இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் இலங்கைக் கரைக்கும் வந்தன, பதிவுகளில் இருக்கிறது. ஆனால் அது எழுத்தில் கிடந்தது, ஆட்களின் வாயில் இருக்கவில்லை. அதனால்தான் 2004 இல் சில இடங்களில் கடல் உள்வாங்கியபோது எங்கட சனம் ஓடவில்லை, பார்க்கப் போனது.

இதில் சிமெலுவேக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு நிலமே ஆடிக் காட்டும். சுமாத்திராவில் உடைவது எங்கட காலுக்குத் தெரியாமலும் போகலாம். கடலும் எப்பவும் முதலில் உள்வாங்கும் என்றில்லை, நேரே ஏறியும் வரும். ஆகவே எங்களுக்கு யாரோ ஒருவர் சொல்லியே ஆகவேண்டும்.

தவறாக ஆறுதல் சொன்னால்

'சொல்வது' என்பதும் லேசான வேலை இல்லை. 2009 இல் இத்தாலியின் லாக்குயிலா நகரத்தில் மாதக்கணக்காகச் சிறு நடுக்கங்கள் வந்துகொண்டிருந்தன. தனி ஆள் ஒருவர் ரேடன் வாயுவை அளந்து பெரியது வரும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார். சனத்தை அமைதிப்படுத்த நிபுணர் கூட்டம் ஒன்று நடந்தது. சிறு நடுக்கங்கள் சக்தியை வெளியேற்றுவதால் நிலைமை நல்லதுதான் என்ற பொருளில் ஒரு அதிகாரி தொலைக்காட்சிக்குச் சொன்னார். அது விஞ்ஞான ரீதியில் சரியில்லை. அந்த ஊரில் நடுக்கம் வந்தால் வெளியே போய் இரவைக் கழிப்பது பழைய வழக்கம். இந்த ஆறுதலைக் கேட்டுச் சிலர் வீட்டுக்குள்ளேயே படுத்தார்கள். ஏப்ரல் 6 அதிகாலை 3.32 க்கு 6.3 அளவில் வந்தது. 300 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாணவர் விடுதி ஒன்று இடிந்து எட்டு மாணவர்கள் போனார்கள், எங்கட வயதுக்காரர்.

2012 இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுவிக்கப்பட்டார்கள்; அதிகாரியின் தண்டனை இரண்டு வருடமாகக் குறைந்தது. நிலநடுக்கத்தைக் கணிக்காததற்காக விஞ்ஞானிகளைத் தண்டித்தார்கள் என்று உலகம் பேசியது. வழக்கின் உள்ளே இருந்த கேள்வி வேறு: தெரியாததைத் தெரியாது என்று சனத்துக்குச் சொன்னீர்களா, இல்லையா?

அப்ப, என்ன முடியும்?

எப்ப என்று சொல்ல முடியாவிட்டாலும் எங்கே, எவ்வளவு பலமாக என்பது ஓரளவு தெரியும். அதை வைத்துக் கட்டடம் கட்டலாம். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் வந்தது 7.0, இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அடுத்த மாதம் சிலியில் வந்தது 8.8, சக்தியில் ஏறக்குறைய 500 மடங்கு. இறந்தவர்கள் 500 பேர் அளவில், அதிலும் பலரைக் கொண்டுபோனது சுனாமி. நடுக்கம் நகரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதும் காரணம்தான். ஆனால் சிலி, 1960 இல் 9.5 அளவைக் கண்ட நாடு, கட்டட விதிகளை எழுதி நடைமுறைப்படுத்தியிருந்தது. ஹெய்ட்டியில் வறுமையும் கம்பி போதாத கொங்கிறீற்றும்தான் இருந்தன.

இன்னொன்று, தொடங்கிய பிறகு முந்துவது. மின்னலைக் கண்டு இடிக்குக் காதைப் பொத்துகிற மாதிரி, வேகமான முதல் அலையைப் பிடித்து, அழிவு தரும் அலை வருவதற்குள் சில விநாடி, சிலவேளை ஒரு நிமிடம் வரை எச்சரிக்கலாம். மெக்சிக்கோ 1991 இலும் யப்பான் நாடு முழுவதும் 2007 இலும் இதைத் தொடங்கின. 2011 இல் யப்பானின் அதிவேக ரயில்கள் இப்படித்தான் தாமாகவே பிரேக் போட்டன.

எங்கட பக்கமும் மாறியிருக்கிறது. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன, இந்து சமுத்திரத்துக்கு ஒரு எச்சரிக்கை அமைப்பும் உருவானது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் உள்ளே ஓடியது. தகடுகள் பக்கவாட்டில் வழுக்கியதால் பேரலை எழவில்லை. "சும்மா ஓட வைச்சிட்டாங்கள்" எண்டு அன்றைக்குப் பலர் சலித்துக்கொண்டார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அலை வராத நாளில் ஓடிப் பழகிய கால்தான் வருகிற நாளில் ஓடும்.

ஆகவே, இனி அந்தக் குரல் பதிவு வந்தால் என்ன செய்வது? நாளும் நேரமும் குறித்துச் சொன்னால் அது பொய். அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லி அதை அங்கேயே நிறுத்துவோம். அதோடு வேறு சில கேள்விகளைக் குழுவில் போடுவோம். எங்கட ஊர்க் கோபுரத்தின் சைரன் கடைசியாக எப்ப ஒலித்தது? எச்சரிக்கை எங்களுக்கு விளங்குகிற மொழியில், உடனே வருமா? உள்ளே போகிற பாதை எது, அதில் இப்ப மதில் கட்டியிருக்கிறார்களா? நடக்க முடியாத அப்பம்மாவைத் தூக்கிப்போக யார் வருவது?

பிறகு, வீட்டில் 2004 ஐக் கண்டவர்களிடம் ஒருநாள் இருந்து கேட்போம். தண்ணி எந்தப் பக்கத்தால் வந்தது, எதுவரை ஏறியது, யார் எங்கே நின்று தப்பினார்கள் என்று. அவர்களுக்கு அதைச் சொல்வது லேசாக இருக்காது. சொல்லமாட்டேன் என்றால் விட்டுவிடுவோம். சொன்னால் எழுதி வைப்போம், எங்கட வீட்டுச் சின்னனுகளுக்கும் சொல்லுவோம். சிமெலுவேயில் 97 வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.